தங்கத்தை நீரில் எடைபோட்ட அறிஞர் அல்பிரூனி (ரஹ்)

 

உங்கள் வீட்டில் ஒன்பதாம் வகுப்போ பத்தாம் வகுப்போ படிக்கும் பிள்ளை இருந்தால், அதன் அறிவியல் புத்தகத்தை ஒருமுறை வாங்கிப் பாருங்கள். பருப்பொருள், தனிமம், சேர்மம், கலவை, அணு என்று வரிசையாகப் பாடம் இருக்கும். பருப்பொருள் என்றால் என்ன என்று கேட்டால், இடத்தை அடைத்துக்கொள்வது, நிறை உடையது என்று பிள்ளை மூச்சுவிடாமல் ஒப்பிக்கும். நாமும் ஒரு காலத்தில் அப்படித்தான் ஒப்பித்தோம், தேர்வு முடிந்ததும் மறந்தோம்.

இடத்தை அடைப்பது, நிறை உடையது. இந்த இரண்டு சொற்களுக்குள் எவ்வளவு இருக்கிறது என்று உட்கார்ந்து அளந்து பார்த்த ஒரு மனிதரைப் பற்றித்தான் இன்று உங்களிடம் பேசப் போகிறேன். அவர் பெயர் அபூ ரைஹான் முஹம்மத் இப்னு அஹ்மத் அல்பிரூனி. ஹிஜ்ரி 362-இல், அதாவது கி.பி. 973-இல், குவாரிஸ்ம் நாட்டின் காத் நகரத்துப் பக்கம் பிறந்தவர். இன்று அந்த மண் உஸ்பெகிஸ்தானில் இருக்கிறது. அங்கே ஓர் ஊருக்கே அவர் பெயரைத்தான் வைத்திருக்கிறார்கள்.

அவரைப் பற்றி நம் மேடைகளில் பேசும்போது பூமியின் சுற்றளவை அளந்தார், இந்தியாவைப் பற்றிப் பெரிய நூல் எழுதினார் என்று சொல்லி முடித்துவிடுவோம். இரண்டும் உண்மைதான். ஆனால் அவர் தராசும் கையுமாக உட்கார்ந்திருந்த நாட்களைப் பற்றி அதிகம் பேசுவதில்லை. எனக்கு அந்த நாட்கள்தான் பெரிதாகத் தெரிகின்றன.

இளம் வயதிலேயே அவருக்கு அமைந்த ஆசிரியர் அபூ நஸ்ர் மன்ஸூர். ஆளும் குடும்பத்தைச் சேர்ந்தவர், நல்ல கணித அறிஞர். பதினேழு வயது வாக்கில், நண்பகலில் சூரியன் நிற்கும் உயரத்தை வைத்தே தம் ஊர் பூமியில் எந்த இடத்தில் இருக்கிறது என்று அல்பிரூனி கணக்கிட்டுவிட்டார். எல்லாம் நன்றாகத்தான் போய்க்கொண்டிருந்தது. 995-இல் நாட்டில் சண்டை மூண்டது. ஆதரித்த அரச குடும்பம் வீழ்ந்தது. இருபத்திரண்டு வயது வாலிபர் ஊரைவிட்டு ஓட வேண்டியதாயிற்று.

ரய் நகரத்தில் கையில் காசில்லாமல் இருந்த நாட்களைப் பற்றி அவரே பின்னாளில் எழுதி வைத்திருக்கிறார். அங்கே நட்சத்திரக் கணக்குப் பார்க்கும் ஒருவரிடம் ஒரு விஷயத்தில் மாறுபட்டுப் பேசினார். அறிவில் இவரைவிடக் கீழே இருந்த அந்த மனிதர், இவருடைய வறுமையைக் கண்டு இவர் சொன்னதைத் தூக்கி எறிந்தார். பிறகு நிலைமை மாறி, இவர் கையில் கொஞ்சம் வசதி வந்ததும் அதே மனிதர் நண்பரானார். கருத்து அதே கருத்து. சட்டைதான் மாறியிருந்தது! நம் ஊரிலும் நடப்பதுதானே இது.

பிறகு ஜுர்ஜான் அரசர் காபூஸின் ஆதரவு கிடைத்தது. பல சமூகங்களின் ஆண்டுக் கணக்குகளையும் பண்டிகைகளையும் பற்றிய பெரிய நூல் ஒன்றை அங்கே 1000-ஆம் ஆண்டையொட்டி எழுதினார். இந்த இளமைக் காலத்தில்தான் இன்னொரு சம்பவமும் நடந்தது. அதைச் சற்று நிதானமாகச் சொல்ல வேண்டும்.

புகாராவில் இப்னு சீனா என்ற இளைஞரின் புகழ் பரவிக்கொண்டிருந்தது. அல்பிரூனியைவிட ஏழு வயது இளையவர். அவருக்கு அல்பிரூனி பதினெட்டுக் கேள்விகளை எழுதி அனுப்பினார். பத்துக் கேள்விகள் கிரேக்க அறிஞர் அரிஸ்டாட்டிலின் கருத்துகளைப் பற்றியவை. எட்டு அவருக்குச் சொந்தமாகத் தோன்றிய கேள்விகள். அரிஸ்டாட்டில் சொன்னால் அதற்கு மேல் பேச்சில்லை என்று இருந்த காலம் அது என்பதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

ஒரு கேள்வி, பொருளைப் பிரித்துக்கொண்டே போனால் முடிவு உண்டா என்பது. ஒரு கல்லை உடைக்கிறீர்கள், பாதியை மறுபடி உடைக்கிறீர்கள், அதில் பாதியை மறுபடி. எங்காவது நிற்குமா, நிற்காதா? நிற்கும், பிரிக்க முடியாத ஒரு துகள் உண்டு என்றது ஒரு கூட்டம். நம்முடைய கலாம் அறிஞர்கள் பலர் இந்தப் பக்கம்தான் இருந்தார்கள். அந்தத் துகளுக்கு ஜவ்ஹருல் ஃபர்த் என்று பெயரும் வைத்திருந்தார்கள். அல்பிரூனியின் காலத்திலேயே வாழ்ந்த இமாம் பாகில்லானி (ரஹ்) இதைத் தம் வாதங்களுக்கு அடித்தளமாக வைத்தவர். நிற்காது, பிரிந்துகொண்டே போகும் என்பது அரிஸ்டாட்டில் பக்கம். அல்பிரூனி கேட்டது இதுதான்: துகள் உண்டு என்பதில் சிக்கல் இருக்கிறது, சரி. ஆனால் முடிவில்லாமல் பிரியும் என்பதிலும் அதற்குக் குறையாத சிக்கல் இருக்கிறதே? முன்னால் போகும் ஒன்றைப் பின்னால் வேகமாக வரும் ஒன்று எட்டிப் பிடிக்கவே முடியாது என்று ஆகிவிடுமே? சந்திரன் சூரியனை எட்டிக் கடந்து போவதைத்தான் கண்ணால் பார்க்கிறோமே?

இன்னொரு கேள்வி: தண்ணீர் கொதித்து ஆவியாகிப் போகிறதே, அது உண்மையிலேயே வேறு பொருளாக மாறிவிடுகிறதா, அல்லது அதே நீரின் பாகங்கள் நம் கண்ணுக்குத் தெரியாத அளவுக்குச் சிதறிப் போகின்றனவா? இதை உங்கள் பிள்ளையிடம் கேளுங்கள், சட்டென்று பதில் சொல்லும். ஆவியிலும் அதே நீர் மூலக்கூறுதான், ஹைட்ரஜன் அணு இரண்டு, ஆக்சிஜன் அணு ஒன்று. விலகி விலகிப் பறக்கிறது, அவ்வளவுதான். ஆயிரம் ஆண்டுகளுக்கு முன் அந்தக் கேள்வியில் இரண்டு வழிகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் கேட்டவர் இவர்.

மூன்றாவது, எனக்கு மிகவும் பிடித்தது. சூட்டில் பொருள்கள் விரியும், குளிரில் சுருங்கும் என்கிறீர்களே, அப்படியானால் தண்ணீர் உறையும்போது அது இருக்கும் பாத்திரம் ஏன் உடைகிறது? பனிக்கட்டி ஏன் நீரில் மிதக்கிறது? சுருங்கிக் கெட்டியானது மூழ்க வேண்டுமல்லவா? இப்னு சீனா, உறையும்போது உள்ளே காற்று சிக்கிக்கொள்கிறது, அதுதான் மூழ்கவிடாமல் தடுக்கிறது என்ற பொருளில் பதில் எழுதினார். நீர் உறையும்போது அதன் மூலக்கூறுகள் ஒன்றையொன்று குறிப்பிட்ட கோணத்தில் பிடித்துக்கொண்டு, நடுவில் வெற்றிடம் விட்டு அடுக்கி நிற்கின்றன, அதனால் சுமார் 9 விழுக்காடு அதிக இடம் பிடிக்கின்றன என்பது மிகப் பிற்காலத்தில் தெரிந்த விஷயம். அல்பிரூனிக்கு இப்னு சீனாவின் பதில்கள் பல திருப்தி தரவில்லை. கொஞ்சம் கடுமையாகவே மறுப்பு எழுதினார். இப்னு சீனா தம் மாணவர் மஃஸூமியை விட்டுப் பதில் எழுதச் செய்தார். இரண்டு பெரியவர்களும் மனிதர்கள்தான் சகோதரர்களே, கோபமும் வரும்.

ஒன்று சொல்லிவிடுகிறேன். இதைக் கேட்டுவிட்டு வெளியே போய், அணுவை அல்பிரூனிதான் கண்டுபிடித்தார் என்று யாரும் செய்தி பரப்பாதீர்கள். கலாம் அறிஞர்கள் பேசிய துகள் வேறு, 1808-இல் ஜான் டால்டன் தம் நூலில் எடையோடு எழுதிய அணு வேறு, இன்று அதற்குள்ளும் புரோட்டான், நியூட்ரான், எலக்ட்ரான் இருப்பதைச் சொல்லும் அணு வேறு. இல்லாத பெருமையைச் சூட்டினால் இருக்கிற பெருமையும் சேர்ந்து போய்விடும். அல்பிரூனியே இதை முதலில் கண்டிப்பார்.

வாதம் வாதமாக நிற்கட்டும். அடுத்து அவர் செய்த வேலைக்கு வருவோம். சுமார் 1004-இல் தாய்நாடு திரும்பி, ஜுர்ஜானிய்யா நகரத்தில் மஃமூன் அரசரின் அவையில் சேர்ந்தார். அங்கே ஒரு பாத்திரம் செய்தார். அடி அகன்று, மேலே போகப் போகக் குறுகும் கூம்பு வடிவம். கழுத்து ஏன் குறுகல்? அகன்ற வாயுள்ள அண்டாவில் ஒரு மோதிரத்தைப் போட்டால் நீர்மட்டம் ஏறியதே தெரியாது. குறுகிய கழுத்தில் ஒரு சொட்டுக் கூடினாலும் தெரியும். கழுத்திலிருந்து ஒரு குழாய் வளைந்து கீழே இறங்கும். அதன் முனையில் தராசுத் தட்டு. பாத்திரம் நிறைய நீர் ஊற்றி, குழாய் சொட்டி ஓய்ந்த பிறகு, 100 மிஸ்கால் தங்கத்தை மெல்ல உள்ளே இறக்குவார். தங்கம் எவ்வளவு இடத்தை அடைக்கிறதோ அவ்வளவு நீர் வழிந்து தட்டில் விழும். அந்த நீரை எடை போடுவார்.

கேட்க எளிதாக இருக்கிறது. ஒரு பாத்திரம் செய்து, சரிவராமல் இன்னொன்று செய்து, அதையும் விட்டு வேறொன்று செய்துதான் இந்த வடிவத்துக்கு வந்தார். குழாயின் உள்ளே ஒட்டிக்கொண்டு விழாமல் நிற்கும் நீர்த்துளி தீராத தொல்லை. ஒரு துளி தங்கினால் கணக்கு பொய். அதைவிட ஒரு விஷயம் கேளுங்கள். எல்லா நீரும் ஒரே எடை அல்ல என்பதை அவர் அறிந்திருந்தார். சூடான நீருக்கும் குளிர்ந்த நீருக்கும் வேறுபாடு உண்டு, உப்பு கலந்ததற்கும் கலக்காததற்கும் உண்டு. ஆகவே குவாரிஸ்ம் ஆற்று நீரை மட்டும், இலையுதிர் காலத்தின் தொடக்கத்தில் மட்டும் எடுத்து எல்லாப் பொருள்களையும் அளந்தார். ஒரே நீர், ஒரே பருவம். பள்ளி ஆய்வகத்தில் மற்றவை மாறாமல் இருக்கட்டும் என்று ஆசிரியர் சொல்வாரே, அதுதான் இது.

மிஸ்கால் என்ற சொல் உங்களுக்குப் புதிதல்ல. தங்கத்தின் ஜக்காத் நிஸாப் 20 மிஸ்கால் என்று ஒவ்வொரு ரமழானிலும் கேட்கிறீர்கள். அதே மிஸ்கால். 100 மிஸ்கால் தங்கம் வெளியேற்றிய நீர் 5 மிஸ்காலுக்குச் சற்று மேல். அதே எடை ஈயம் போட்டால் 9-க்குச் சற்றுக் குறைவு. இரும்பு போட்டால் 13 அளவில். கணக்குப் போட்டுப் பாருங்கள்: தங்கம் நீரைப் போல் 19 மடங்கு, ஈயம் 11 மடங்குக்கு மேல், இரும்பு 8 மடங்குக்குச் சற்றுக் குறைவு. இன்றைய புத்தகத்தில் தங்கம் 19.3, ஈயம் 11.3, இரும்பு 7.9 என்று இருக்கும். இதைத்தான் அடர்த்தி என்று பிள்ளைகள் படிக்கிறார்கள்.

இதன் பயன் என்ன? அன்றைய சந்தையை நினைத்துப் பாருங்கள். மஞ்சளாக இருப்பதெல்லாம் தங்கமா? பித்தளையும் மஞ்சள்தான். நிறம் ஏமாற்றும், விற்பவன் வாய் ஏமாற்றும், முலாம் ஏமாற்றும். அது அடைக்கும் இடத்தையும் எடையையும் சேர்த்துப் பார்த்தால் ஏமாற்ற முடியாது. தங்கம் ஒரு தனிமம். அதன் ஒவ்வோர் அணுவிலும் 79 புரோட்டான். பித்தளை, செம்பும் துத்தநாகமும் உருகிச் சேர்ந்த கலவை. தங்கத்தில் செம்பைக் கலந்தால் அடர்த்தி இறங்கிக் காட்டிக்கொடுத்துவிடும். நம் வீட்டு நகையில் 916 என்று முத்திரை இருக்கிறதே, 1000-இல் 916 பங்கு தங்கம், மீதி வேறு உலோகம் என்பதன் அடையாளம் அது.

இங்கே ஒரு நுட்பத்தையும் சொல்ல வேண்டும். கனமான அணு என்றால் கனமான உலோகம் என்று நினைத்துவிடாதீர்கள். ஈய அணு தங்க அணுவைவிட எடை கூடியது. ஹைட்ரஜன் அணுவை 1 என்று வைத்தால் தங்கம் சுமார் 197, ஈயம் 207. ஆனாலும் ஒரே அளவுள்ள கட்டிகளை எடுத்தால் தங்கம்தான் கனம். காரணம், தங்கத்தின் அணுக்கள் நெருங்கி அடுக்கி நிற்கின்றன, ஈயத்தில் அணுக்களுக்கு நடுவே இடைவெளி அதிகம். ஜும்ஆவில் ஸஃப்பு நெருக்கமாக நின்றால் அதே பள்ளிவாசலில் எத்தனை பேர் கூடுதலாகக் கொள்கிறார்கள் என்று உங்களுக்கே தெரியும்.

இரத்தினங்களையும் அவர் விடவில்லை. நீலக்கல்லை 100 என்று அடிப்படையாக வைத்து மற்றவற்றை ஒப்பிட்டார். மாணிக்கம், அதாவது சிவப்பு யாகூத், 97 அளவில் வந்தது. ஏறக்குறைய ஒன்று! பதக்ஷானிலிருந்து வந்த லஃல் என்ற சிவப்புக் கல், பார்க்க மாணிக்கம் போலவே இருக்கும், 90 அளவில் நின்றுவிட்டது. மரகதம் 70-க்கும் கீழே. கண்ணுக்கு மாணிக்கமும் லஃலும் ஒன்று, நீலமும் மாணிக்கமும் வேறு. தராசோ நேர் எதிராகச் சொல்கிறது. தராசு சொன்னதே சரி. நீலக்கல்லும் மாணிக்கமும் ஒரே சேர்மம், அலுமினியம் ஆக்சைடு. துளியளவு குரோமியம் நுழைந்தால் சிவப்பு, இரும்பும் டைட்டானியமும் நுழைந்தால் நீலம். லஃல் என்பது மக்னீசியமும் சேர்ந்த வேறு சேர்மம். பிரிட்டிஷ் அரச கிரீடத்தின் முன்னால் பெரிய மாணிக்கம் என்று பல நூற்றாண்டுகள் பெயர் பெற்று இருக்கிற கல்கூட உண்மையில் லஃல் வகைதான்.

1017-இல் மறுபடி புயல். கஸ்னியின் சுல்தான் மஹ்மூத் குவாரிஸ்மைப் பிடித்தார். அறிஞர்களைத் தம் தலைநகருக்குக் கொண்டுபோனார், அல்பிரூனியையும் சேர்த்து. விருந்தாளியா, கைதியா என்று பிரித்துச் சொல்ல முடியாத வாழ்க்கை. அந்த நிலையிலும் சமஸ்கிருதம் கற்றார், இந்தியா பற்றிய நூலை எழுதினார். அந்த நூலில் நம் கடலும் வருகிறது. இலங்கைக் கடலில் முன்பு முத்து கிடைத்தது, இப்போது அங்கே இல்லாமல் ஆப்பிரிக்கக் கரையின் ஸுஃபாலாவில் கிடைக்கிறது, அதனால் முத்து இடம்பெயர்ந்துவிட்டதாக மக்கள் பேசிக்கொள்கிறார்கள் என்று குறித்திருக்கிறார்.

கஸ்னியின் அரண்மனைக் கருவூலம் இரத்தினங்களால் நிறைந்தது. முதுமையில் சுல்தான் மவ்தூதின் காலத்தில் இரத்தினங்கள், உலோகங்கள் பற்றி ஒரு முழு நூல் எழுதினார். மரகதத்தைக் கண்டால் பாம்பின் கண் குருடாகும் என்று அன்று எல்லோரும் நம்பினார்கள், புத்தகங்களிலும் இருந்தது. இவர் ஒரு பாம்பைப் பிடித்து வைத்து, அதன் கழுத்தில் மரகத மாலை போட்டு, அது கிடந்த இடத்திலும் மரகதம் பரப்பி, வெயில் காலம் குளிர் காலம் என்று ஒன்பது மாதம் பார்த்தார். பாம்பின் பார்வைக்கு ஒன்றும் ஆகவில்லை என்று எழுதி வைத்தார். நமக்கு வரும் வாட்ஸ்அப் செய்தியை ஒன்பது நிமிடம்கூட நாம் சோதிப்பதில்லை.

மலிவான உலோகத்தைத் தங்கமாக்குகிறோம் என்று கிளம்பிய ரசவாதிகளிடமும் அவருக்குப் பொறுமை இல்லை. இத்தனைக்கும் கீமியாவில் பெரும் நம்பிக்கை வைத்திருந்த மருத்துவ மேதை ராஸியின் நூல்களைத் தேடித் தேடிப் பட்டியலிட்டு, அதற்கென்றே ஒரு நூல் எழுதியவர் இவர். கீமியா என்ற அந்தச் சொல்லிலிருந்துதான் கெமிஸ்ட்ரி என்ற சொல்லே வந்தது. அணு எண் என்ற ஒன்றை அல்பிரூனி அறியார். மண், நீர், காற்று, நெருப்பு என்ற நான்கே மூலகங்கள் என்று பாடம் நடந்த காலத்தவர். ஆனால் பாதரசத்துக்கு 80 புரோட்டான், தங்கத்துக்கு 79. அந்த ஒன்றை எந்த உலையின் நெருப்பாலும் குறைக்க முடியாது என்பதை இன்று பத்தாம் வகுப்புப் பிள்ளை சொல்லும். அவர் எண்ணைக் காணாமலேயே ஏமாற்றைக் கண்டார்.

சுல்தான் மஸ்ஊதுக்குத் தம் பெரிய வானியல் நூலைக் காணிக்கையாக்கியபோது, யானைச் சுமை வெள்ளி பரிசாக வந்ததாகவும், தமக்குத் தேவையில்லை என்று அதைத் திருப்பி அனுப்பியதாகவும் வரலாற்றாசிரியர்கள் சொல்கிறார்கள். ரய்யில் சட்டைக்கு வழியில்லாமல் அவமானப்பட்டவர் அவர் என்பதை மறந்துவிடாதீர்கள்.

அவருடைய நீர்த்தராசுக் கணக்குகளை ஹிஜ்ரி 515-இல் காஸினி என்ற அறிஞர் மீஸானுல் ஹிக்மா என்ற நூலில் எழுதிப் பாதுகாத்தார். இன்று நாம் பேசும் எண்களில் பெரும்பகுதி அதன் வழியாக வந்தவை.

ஹிஜ்ரி 440 வாக்கில், கஸ்னியில், மரணப் படுக்கையில் மூச்சு இரைத்துக்கொண்டு கிடந்தார். ஃபிக்ஹ் அறிஞரான வல்வாலிஜி பார்க்க வந்தார். அவரைக் கண்டதும் அல்பிரூனி, தாய்வழிப் பாட்டிமாருக்குச் சேரும் வாரிசுப் பங்கைப் பற்றி முன்பு ஒருநாள் நீங்கள் சொன்ன கணக்கை மறுபடி சொல்லுங்கள் என்று கேட்டார். வந்தவருக்கு மனசு தாங்கவில்லை, இந்த நிலையிலா என்று தயங்கினார். அந்த விஷயத்தை அறியாமல் உலகைவிட்டுப் போவதைவிட அறிந்துகொண்டு போவது மேலல்லவா என்றார் அல்பிரூனி. வல்வாலிஜி கணக்கைச் சொன்னார். அவர் திருப்பிச் சொல்லி மனத்தில் பதித்துக்கொண்டார், தாம் முன்பு வாக்களித்திருந்த ஒன்றை அவருக்குக் கற்றும் கொடுத்தார். வல்வாலிஜி விடைபெற்று வெளியே வந்து தெருவில் நடந்துகொண்டிருந்தபோதே, அந்த வீட்டிலிருந்து அழுகைச் சத்தம் கேட்டது.